டிஸ்க்கைப் போட்டவுடன் ஓடிய கேமும் இன்றைய கன்சோலும்

"கன்சோல் கேமிங் முன்பைவிட இப்போது மேலா, மோசமா? பழைய ஆட்கள் எல்லாரும் அந்தக் காலம் மாதிரி வராது என்கிறார்கள். அது வெறும் பழைய நினைப்பா, நிஜமா? புதிதாக ஒரு கன்சோல் வாங்க நினைப்பவருக்கு என்ன சொல்வீர்கள்?" இதுதான் என்னிடம் வந்த கேள்வி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேம்கள் மோசமாகிவிடவில்லை. பெட்டியின் திறன் எந்தத் தலைமுறையிலும் இல்லாத அளவுக்குக் கூடியிருக்கிறது. தேய்ந்துபோனது வேறொன்று: காசு கொடுத்து வாங்கிய கேம் வாங்கியவருடையது என்கிற உறுதி. முதல் பிளேஸ்டேஷன் நாளிலிருந்து ஏதாவது ஒரு கன்சோல் என் டிவிக்குக் கீழே இருந்துகொண்டே இருக்கிறது. அதனால் இந்த விஷயத்தில் எனக்கு ஆதங்கம் நிறைய. பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்லதை முதலில் பேசுவோம். பிளட்போர்ன் என்ற கேம் 2015இல் பிஎஸ்4க்கு (சோனியின் பிளேஸ்டேஷன் 4) வந்ததுமே வாங்கினேன். ஒரு பாஸிடம், அதாவது பெரிய எதிரியிடம், அடிபட்டுச் செத்துவிட்டால் கறுப்புத் திரையில் கேமின் பெயர் மட்டும் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். கையில் ஏறியிருந்த சூடு ஆறிப்போகும், எங்கே தப்பு செய்தோம் என்பதும் பாதி மறந்துபோகும். பின்னால் வந்த அப்டேட்டில் இது கொஞ்சம் குறைந்தது. 2020 நவம்பரில் பிஎஸ்5 உடன் வந்த டீமன்ஸ் சோல்ஸ் மறுஆக்கத்தில் அதே போலச் செத்து விழுந்தேன். ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் எழுந்து நின்றேன். தப்பு இன்னும் விரல் நுனியில் இருக்கும்போதே அடுத்த முயற்சி தொடங்கிவிட்டது. அந்த மாதிரி கேமுக்கு இது சொகுசு சார்ந்த விஷயம் கிடையாது. கற்றுக்கொள்ளும் விதமே மாறிவிடுகிறது.

காரணம் எளிது. பிஎஸ்4இல் இருந்த ஹார்டு டிஸ்க் நொடிக்கு 50 முதல் 100 எம்பி வரைதான் படித்துக் கொடுக்கும். பிஎஸ்5இன் எஸ்எஸ்டி (நகரும் பாகமே இல்லாத சேமிப்பு) நொடிக்கு 5.5 ஜிபி படிக்கிறது, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் 2.4 ஜிபி. ஹார்டு டிஸ்க்கில் படிக்கும் முனை அங்கும் இங்கும் நகர்ந்து தேட வேண்டும். அந்தத் தேடலைக் குறைப்பதற்காக, நகரத்தின் பல இடங்களில் வரும் ஒரே விளக்குக் கம்பத்தையும் ஒரே குப்பைத் தொட்டியையும் ஹார்டு டிஸ்க்கில் திரும்பத் திரும்பப் பதிந்து வைப்பார்கள். கதாநாயகன் இரண்டு பாறைகளுக்கு நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு மெல்ல நுழைந்து போவது, லிஃப்டில் ஏறி நெடுநேரம் நிற்பது, இப்படி எத்தனை காட்சிகள் பார்த்திருக்கிறோம்! அவற்றில் பலவும் அடுத்த பகுதி ஏறி முடிவதற்காக வைக்கப்பட்டவை. 2021இல் வந்த ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்டில் ஒரு பிளவுக்குள் குதித்தால் மறு நொடி வேறோர் உலகத்தில் இறங்குகிறோம். நுழைய பாறையும் இல்லை, காத்திருக்க லிஃப்டும் இல்லை.

அப்புறம் 60 ஃப்ரேம். ஒரு நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு படமும் 33.3 மில்லிநொடி திரையில் நிற்கும். 60 என்றால் 16.7. எதிரியின் கத்தியைச் சரியான கணத்தில் தட்டிவிட வேண்டிய கேமில் இந்த வித்தியாசம் கண்ணுக்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் இருந்தது குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிறு லேப்டாப்களுக்கென வந்த ஜாகுவார் வகை பிராசசர் கோர்கள். கிராபிக்ஸ் சிப் தாங்கினாலும் இவை தாங்காது. இந்தத் தலைமுறையில் ஸென் 2 கோர்கள் வந்த பிறகுதான் மூச்சுவிட இடம் கிடைத்தது. இன்று பெரும்பாலான கேம்களில் தரமா வேகமா என்று நம்மையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். யோசிக்காமல் வேகத்தைத் தேர்ந்தெடுங்கள். நின்று பார்க்கும்போதுதான் தரம் அழகாகத் தெரியும், விளையாடும்போது நாம் நிற்பதே இல்லை.

நல்லதில் இன்னும் ஒன்று, என் கணக்கில் இதுதான் பெரிது. மாற்றுத்திறனாளிகளுக்காக எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் 2018இல் வந்தது. இரண்டு பெரிய வட்டப் பட்டன்கள், பின்புறம் முழுக்க வெளி ஸ்விட்சுகளைச் செருகும் துளைகள். கால், தாடை, முழங்கை, எது அசைகிறதோ அதை வைத்து விளையாடலாம். 2023 டிசம்பரில் சோனியும் ஆக்சஸ் கன்ட்ரோலரைக் கொண்டுவந்தது. 2020இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2இல் பார்வை, செவி, கை அசைவு குறைந்தவர்களுக்கென்று 60க்கும் மேற்பட்ட அமைப்புகள் இருந்தன. பார்வையே இல்லாதவர்கள் ஒலியை மட்டும் வைத்து அந்தக் கேமை முடித்திருக்கிறார்கள். பிஎஸ்2 காலத்தில் பட்டன்களை மாற்றி அமைக்கும் வசதிகூடப் பல கேம்களில் கிடையாது. அந்தக் காலம் மாதிரி வராது என்று யாராவது சொன்னால் நான் முதலில் எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

சரி, இனி ஆதங்கத்துக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு அக்கா மகன் இரண்டு நாள் தங்க வந்திருந்தான். அப்போது அவனுக்கு எட்டு வயது. கார் ரேஸ் கேம் ஒன்றின் டிஸ்க்கைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். "மாமா, இதைப் போடுங்க" என்று அவனே எடுத்து நீட்டினான். போட்டேன். முதலில் டிஸ்க்கிலிருந்து பெட்டிக்குள் காப்பி ஆக வேண்டும் என்றது. அது முடிந்ததும் கேமுக்கு அப்டேட் வேண்டும் என்றது. அதற்குப் பெட்டியில் இடம் போதவில்லை, இரண்டு கேம்களை அழித்தேன். நடுவில் கன்சோலுக்கே ஓர் அப்டேட் வந்து எல்லாம் நின்று மறுபடி தொடங்கியது. ஒருவழியாகக் கேம் திறந்ததும் கணக்கு ஒன்று தொடங்கச் சொல்லி, மின்னஞ்சல் கேட்டு, பக்கம் பக்கமாக நிபந்தனைகளைக் காட்டியது. நான் அதையெல்லாம் ஏற்றுக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது அவன் கன்ட்ரோலரை மடியில் வைத்தபடி சோபாவில் தூங்கிவிட்டிருந்தான். கன்ட்ரோலரின் விளக்கு மட்டும் அவன் சட்டையில் மின்னிக்கொண்டிருந்தது.

அவன் வயதில் எனக்கு ஒரு டிஸ்க் கிடைத்தால் மூடியைத் திறந்து, நடு வளையத்தில் டிஸ்க்கை டக்கென்று அழுத்தி, மூடினால் போதும். அந்தக் கறுப்புத் திரையும் மணி மாதிரியான ஓசையும் முடிந்தால் கேம்தான். கன்சோலுக்கும் கம்ப்யூட்டருக்கும் இருந்த வித்தியாசமே அதுதான். கம்ப்யூட்டரில் என்னென்னவோ நிறுவ வேண்டும், கன்சோல் போட்டால் ஓடும். அந்த வாக்குறுதிதான் உடைந்துபோனது. ஒரே நாளில் உடையவில்லை. 2006இல் பிஎஸ்3 வந்தபோதே நிறுவலும் அப்டேட்டும் தொடங்கிவிட்டன. பிஎஸ்4 தலைமுறையில் டிஸ்க்கிலிருந்து நேராக ஓடுவதே நின்றுபோனது. 2018இல் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 பிஎஸ்4க்கு இரண்டு டிஸ்க்குகளாக வந்தது, ஒன்று நிறுவுவதற்கு, ஒன்று விளையாடுவதற்கு. 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2க்கு 'கேம் கீ கார்டு' என்று ஒன்று இருக்கிறது. கார்டு இருக்கும், கார்டுக்குள் கேம் இருக்காது. செருகினால் சர்வரிலிருந்து டவுன்லோடு செய்துகொள்ள அனுமதி தரும், அவ்வளவுதான். அந்தச் சர்வர் ஒரு நாள் நின்றுபோனால், அதற்குள் இறக்கி வைக்காதவர் கையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் துண்டு.

2013ஐ நினைத்துப் பார்க்கிறேன். எக்ஸ்பாக்ஸ் ஒன் அறிவிக்கப்பட்டபோது, 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இணையத்தில் சரிபார்க்க வேண்டும், வாங்கிய டிஸ்க்கை மற்றவருக்குக் கொடுப்பதிலும் கட்டுப்பாடு என்று சொன்னார்கள். விளையாடுபவர்கள் கொதித்துப் போனார்கள். சோனியின் ஷுஹேய் யோஷிதா பிஎஸ்4 கேமைக் கடன் கொடுப்பது எப்படி என்று ஒரு குட்டி வீடியோ போட்டார். டிஸ்க் பெட்டியை எடுத்துப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்தார், முடிந்தது. ஜூன் மாதமே மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. அன்றைக்கு நாம் ஜெயித்தோம் என்று நானும் துள்ளினேன். ஆனால் அன்று வாசல் வழியாக வர முடியாதது, பத்து வருஷத்தில் ஜன்னல் ஜன்னலாக உள்ளே வந்துவிட்டது. எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் டிஸ்க் டிரைவ் இல்லாமல் வந்தது. 2024 நவம்பரில் பிஎஸ்5 ப்ரோ வந்தது, அந்தக் குடும்பத்திலேயே விலை கூடிய பெட்டி. அதிலும் டிஸ்க் டிரைவ் இல்லை, தனியாக வாங்கி மாட்ட வேண்டும். இந்த முறை கொதிப்பு பெரிதாக எழவில்லை. டவுன்லோடு சௌகரியம் என்று எல்லாரும் பழகிவிட்டோம், நானும் உட்பட.

சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் டவுன்லோடு கேம் என்பது வாடகை வீடு. வீட்டுக்காரர் நல்லவராக இருக்கும்வரை சிக்கல் இல்லை. நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கான வீ ஷாப் 2019 ஜனவரியில் மூடப்பட்டது. அதே நிறுவனத்தின் வீ யூ, 3டிஎஸ் கடைகள் 2023 மார்ச்சில். எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில். பிஎஸ்3, வீட்டா (கையடக்க கன்சோல்) கடைகளை மூடப்போவதாக 2021 மார்ச்சில் சோனி அறிவித்தது. ரசிகர்கள் விடாமல் கத்தியதால் அடுத்த மாதமே அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. டவுன்லோடாக மட்டும் வெளிவந்த சின்னச் சின்ன கேம்கள் இந்த ஒவ்வொரு கடையோடும் சேர்ந்து மறைகின்றன. வாங்கியவர் மறுபடி இறக்கிக்கொள்ளச் சிறிது காலம் விடுகிறார்கள். புதிதாக விளையாட வருபவருக்கு வழியே இல்லை. அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று சட்டப்படி கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஓர் ஆய்வில் சொன்னது. ஒரு கலையின் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குக் கைக்கு எட்டாமல் போயிருக்கிறது என்றால் அது சின்ன இழப்பா?

பி.டி. என்ற ஒரு டெமோவைப் பலரும் அறிவீர்கள். 2014 ஆகஸ்டில் பிஎஸ்4 கடையில் இலவசமாக வந்தது. ஒரே ஒரு வீட்டு நடைபாதை, திரும்பத் திரும்ப அதே வழி, ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மாறியிருக்கும். அத்தனை குறுகிய இடத்தை வைத்துக்கொண்டு அப்படி ஒரு பயத்தை வேறெந்தக் கேமும் எனக்குக் கொடுத்ததில்லை. 2015 ஏப்ரலில் அதைக் கடையிலிருந்து எடுத்தார்கள், முன்பு இறக்கியவர்களும் மறுபடி இறக்க முடியாதபடி செய்தார்கள். இன்று அது சில பழைய பிஎஸ்4 பெட்டிகளின் ஹார்டு டிஸ்க்கில் மட்டும் உயிரோடு இருக்கிறது. அந்த டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகப் பழுதாகும். எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும்.

டிஸ்க் இருந்தாலும் தப்பிக்க முடியாத வகை ஒன்று உண்டு. தி க்ரூ என்ற கார் கேம் 2014இல் வந்தது. தனியாக விளையாடினாலும் சர்வரோடு இணைந்தே இருக்க வேண்டிய கேம். 2024 மார்ச் 31இல் சர்வரை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து டிஸ்க் வைத்திருந்தவரும் டவுன்லோடு செய்தவரும் ஒன்றுதான், கேம் தொடக்கத் திரையைத் தாண்டாது. இதிலிருந்துதான் ராஸ் ஸ்காட் என்பவர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். அவர் கேட்டது நியாயமான சின்னக் கோரிக்கை: சர்வரைக் காலமெல்லாம் ஓட்டச் சொல்லவில்லை, நிறுத்தும்போது கேமை ஏதாவது ஒரு வகையில் ஓடக்கூடிய நிலையில் விட்டுப் போங்கள் என்பதே. ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த மனுவுக்கு 2025 ஜூலையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. கலிஃபோர்னியாவில் 2025 தொடக்கத்திலிருந்து ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வாங்குபவருக்குக் கிடைப்பது சொந்தப் பொருளா, வெறும் உரிமமா என்பதை டிஜிட்டல் கடைகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் மட்டும் கேம் நிலைத்துவிடாது. ஆனாலும் உண்மையைப் பட்டவர்த்தனமாக எழுதியிருப்பதைப் பார்த்தாவது கொஞ்சம் பேர் விழித்துக்கொள்வார்கள்.

இந்த விஷயத்தில் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு பாராட்டு சொல்லியே ஆக வேண்டும். 2015 முதல் 2021 வரை பழைய எக்ஸ்பாக்ஸ், எக்ஸ்பாக்ஸ் 360 கேம்களை நூற்றுக்கணக்கில் புதிய பெட்டியில் ஓட வைத்தார்கள். பழைய டிஸ்க்கைச் செருகினால் பழைய கேம், முன்பைவிடத் தெளிவான படத்தோடு. பிஎஸ்5இலும் கிட்டத்தட்ட எல்லா பிஎஸ்4 கேம்களும் ஓடுகின்றன. பிஎஸ்4 வந்த புதிதில் இது கனவாக இருந்தது.

சேவ், அதாவது விளையாட்டில் எட்டிய இடத்தைப் பதிந்து வைக்கும் விஷயம், சின்னதாகத் தோன்றும், எனக்கு அது முள்ளாகக் குத்துகிறது. முதல் பிளேஸ்டேஷனின் மெமரி கார்டு 128 கேபி, 15 கட்டங்கள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போய், அவன் பெட்டியில் செருகி, நான் விட்ட இடத்திலிருந்து இரண்டு பேருமாக ஆடுவோம். இன்று பிஎஸ்5 கேமின் சேவ் ஃபைலை ஒரு யுஎஸ்பி டிரைவில் பிரதி எடுத்து வைக்க முடியாது. இன்னொரு பிஎஸ்5க்கு நேராக மாற்றலாம், இல்லையென்றால் சந்தா கட்டி கிளவுடில் வைக்கலாம். நூறு மணி நேரம் உழைத்த என் சேவுக்கு ஒரு காப்புப் பிரதி வேண்டும் என்றால் மாதாமாதம் பணம் கட்ட வேண்டுமாம். இதை நான் எந்தக் காலத்திலும் ஏற்றுக்கொள்ள மாட்டேன். எக்ஸ்பாக்ஸில் கிளவுட் சேவுக்குச் சந்தா தேவையில்லை, அதுதான் முறை.

ஆன்லைனில் விளையாடச் சந்தா என்பதும் அதே கதைதான். பிஎஸ்3இல் இலவசமாக இருந்தது பிஎஸ்4இல் காசானது, ஸ்விட்சில் 2018 செப்டம்பரிலிருந்து காசானது. நீளமாகப் பேச இதில் ஒன்றுமில்லை. வீட்டு இணையத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டுகிறோம், கேமுக்கும் கட்டியிருக்கிறோம். மூன்றாவது கட்டணத்துக்குச் சரியான காரணம் யாரும் சொல்லவில்லை.

கன்ட்ரோலருக்கு வருகிறேன். என்னிடம் இருந்த ஒன்றில் ஒரு வருஷத்துக்குள் இடது ஸ்டிக் தானாக நகர ஆரம்பித்தது. நான் கையை எடுத்தாலும் ஆள் மெல்ல இடப்பக்கம் நடந்துகொண்டே இருப்பான். திருகுகளைக் கழற்றித் திறந்து பார்த்தேன். ஸ்டிக்கின் அடியில் ஒரு சின்ன உலோகக் கூடு, அதன் இரண்டு பக்கமும் நகம் அளவுக்கு இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள். ஒன்று இட வலத்துக்கு, மற்றது மேல் கீழுக்கு. அதன் மூடியைத் தூக்கினால் உள்ளே குதிரை லாட வடிவில் ஒரு கரிப் பாதை, அதன்மேல் உரசிப் போகும் மெல்லிய உலோக நாக்கு. நாம் ஸ்டிக்கைத் தள்ளத் தள்ள நாக்கு கரியைத் தேய்க்கிறது. என்னுடையதில் நடுப்பகுதியில் பளபளவென்று ஒரு கோடு விழுந்திருந்தது, பக்கத்தில் கறுப்புத் தூள். ஸ்டிக் எப்போதும் வந்து நிற்கும் இடம் அதுதான். அங்கே பாதை தேய்ந்தால் நடு எது என்று கன்ட்ரோலருக்கே தெரியாது. நான் எதையும் தவறாகப் பயன்படுத்தியிருக்கவில்லை, அந்த அமைப்பின் இயல்பே அது.

இதற்கு மாற்று பல வருஷமாக இருக்கிறது. காந்தமும் அதன் நகர்வை உணரும் ஹால் சென்சாரும் வைத்தால் ஒன்றோடொன்று உரசாது, தேயவும் தேயாது. சேகாவின் ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரில் 1998லேயே இது இருந்தது. இன்று சின்ன நிறுவனங்கள் விற்கும் கன்ட்ரோலர்களிலும் இருக்கிறது. பெரிய மூன்று கம்பெனிகளும் (சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ) இதைத் தங்கள் சாதாரண கன்ட்ரோலரில் வைக்காமல் இருப்பதை எந்த நியாயமும் சொல்லி என்னால் ஏற்க முடியவில்லை. நான் அந்தக் கூட்டை முழுதாக உருவி, ஹால் சென்சார் உள்ள ஒன்றை ஈயப் பற்று வைத்துப் பொருத்தினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. இன்றுவரை அசையாமல் நிற்கிறது.

கேம்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு, காலம். பிஎஸ்2இல் ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) 3 2001இல் வந்தது, வைஸ் சிட்டி 2002இல், சான் ஆண்ட்ரியாஸ் 2004இல். மூன்று வருஷத்தில் மூன்று கேம்கள். ஜிடிஏ 5 2013 செப்டம்பரில் வந்தது. அடுத்ததற்குள் ஒரு குழந்தை பிறந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விடும். நாட்டி டாக் ஸ்டூடியோ பிஎஸ்3இல் மட்டும் மூன்று அன்சார்ட்டட் கேம்களும் தி லாஸ்ட் ஆஃப் அஸ்ஸும் கொடுத்தது. பிஎஸ்5 வந்து ஐந்து வருஷம் கழிந்தும் அவர்களிடமிருந்து மறுஆக்கமும் மெருகேற்றலும்தான் வந்தன, முற்றிலும் புதிய கேம் ஒன்றுகூட இல்லை. தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2க்கு 22 கோடி டாலர் செலவானது என்று 2023இல் நீதிமன்ற ஆவணம் ஒன்றின் வழியே தெரியவந்தது. இவ்வளவு பணத்தை ஒரே கேமில் கொட்டும்போது யாருக்கும் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கத் துணிச்சல் வராது. சோனியின் வேறொரு ஸ்டூடியோ துணிந்து ஆன்லைன் ஷூட்டராகச் செய்த கான்கார்ட் 2024 ஆகஸ்ட் 23இல் வந்து செப்டம்பர் 6இல் நிறுத்தப்பட்டது. பல வருஷ உழைப்பு இரண்டு வாரத்தில் போனது. விளையாடியவர்களுக்குப் பணம் திரும்ப வந்தது, உழைத்தவர்களுக்கு என்ன திரும்ப வந்தது? அந்த ஸ்டூடியோவையே மூடிவிட்டார்கள்.

அதே 2024 செப்டம்பரில் வந்தது ஆஸ்ட்ரோ பாட். நூறு பேர்கூட இல்லாத குழு. எந்த மூலைக்குப் போனாலும் புதிதாக ஒரு விளையாட்டு, ஒரு யோசனையை ஐந்து நிமிஷம் ஆடவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும். 2025 ஏப்ரலில் வந்த கிளேர் அப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33இன் மையக் குழு முப்பது பேரளவுதான், வெளியாட்களின் உதவியும் இருந்தது. இரண்டும் அவ்வவ்வாண்டின் சிறந்த கேம் விருதை வாங்கின. அளவான குழு, அளவான செலவு, தெளிவான யோசனை. பெரிய ஸ்டூடியோக்கள் இந்த வழியைக் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும்.

பழசில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அன்று ஒரு கேம் ஓட்டையோடு வந்தால் அந்த ஓட்டை காலத்துக்கும் அப்படியே இருக்கும். மெமரி கார்டு கெட்டால் எல்லாம் போச்சு. சைபர்பங்க் 2077 2020 டிசம்பரில் வந்தபோது இருந்த நிலையில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. இன்று அதை ஓட்டிப் பாருங்கள், வேறு கேம். நோ மேன்ஸ் ஸ்கை 2016இலிருந்து இலவசமாகவே வளர்ந்துகொண்டிருக்கிறது. அப்டேட் என்பது வரம்தான். பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் முடிக்காததை முழு விலைக்கு விற்கும்போதுதான் அது சாபமாகிறது.

ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆடும் கேம்களும் குறைந்துவிட்டன. 1997இல் கோல்டன்ஐ ஒரே திரையை நான்காகப் பிரித்து நாலு பேரை ஆட வைத்தது. அதைவிடப் பல மடங்கு சக்தியுள்ள பெட்டியில், 2015இல் ஹேலோ 5 திரையைப் பிரிக்க முடியாது என்று கைவிரித்தது. இட் டேக்ஸ் டூ, ஸ்ப்ளிட் ஃபிக்‌ஷன் மாதிரி இரண்டு பேர் சேர்ந்தால் மட்டுமே விளையாடக்கூடிய கேம்கள் வருவதும், நன்றாக விற்பதும் எனக்குப் பெரிய ஆறுதல்.

இனி வாங்கலாமா என்ற கேள்வி. வாங்கலாம், தயங்க வேண்டாம். டிஸ்க் டிரைவ் உள்ள பெட்டியையே வாங்குங்கள். பழைய டிஸ்க்கை வாங்கலாம், விற்கலாம், கடன் கொடுக்கலாம், ஒரே கடையின் விலைக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டாம். கேம் வந்த அன்றே வாங்காதீர்கள். ஆறு மாதம் பொறுத்தால் திருத்தங்கள் எல்லாம் வந்து, பல சமயம் அவை டிஸ்க்கிலேயே சேர்ந்த முழுப் பதிப்பும் வரும். பிஎஸ்5 என்றால் அமைப்புகளில் கன்சோல் பகிர்வும் ஆஃப்லைன் விளையாட்டும் என்ற இடத்தில் அது செயலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால்தான் இணையம் இல்லாத நேரத்திலும் டவுன்லோடு கேம்கள் திறக்கும். எந்தக் கேமும் எப்போதும் சர்வரோடு இணைந்திருக்க வேண்டும் என்று அட்டையில் சொன்னால், அதற்குக் கொடுக்கும் பணத்தை வாடகையாக நினைத்துக் கொடுங்கள்.

முதலில் என்ன விளையாடுவது என்றும் கேட்பீர்கள். பிஎஸ்5 வாங்கினால் ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் பெட்டிக்குள்ளேயே இலவசமாக இருக்கிறது. டிஸ்க் வேண்டாம், டவுன்லோடு வேண்டாம், திறந்தால் ஓடும். பழைய பிளேஸ்டேஷன் சாதனங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்ப்பது அதில் ஒரு பகுதி. அக்கா மகன் போன தடவை வந்தபோது அதைத்தான் போட்டுக்கொடுத்தேன், தூங்க நேரமே இல்லை. நடுவில் ஒரு சாம்பல் நிறச் சதுரப் பொருளைக் கண்டெடுத்து, "இது என்ன மாமா?" என்றான். எழுந்துபோய் மேசை இழுப்பறையிலிருந்து என் மெமரி கார்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். திரையில் இருப்பதையும் கையில் இருப்பதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள இன்னும் உங்க கேம் இருக்கா?" என்று கேட்டான். பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கிச் செருகிக் காட்டினேன். 15 கட்டத்தில் 11 நிரம்பியிருந்தது.